ஆறு அறிக்கைகளும் ஒரு பிள்ளையும்

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு நீல நிற ஃபைல் இருக்கிறது. மகனுடைய ஏழு வயதிலிருந்து பத்து வயது வரையிலான அலைச்சல் முழுக்க அதற்குள் இருக்கிறது. குழந்தை மருத்துவர், கண் மருத்துவர், காது பரிசோதனை செய்தவர், இரண்டு உளவியலாளர்கள், மனநல மருத்துவர் என்று ஆறு பேர் எழுதிக் கொடுத்த ஆறு அறிக்கைகள். ஆறும் ஒரே பிள்ளையைப் பற்றியவை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்தார் என்பதற்கான அடையாளம் ஒன்றில்கூட இல்லை. ஒவ்வோர் அறையிலும் நான் கதையை முதலிலிருந்து சொன்னேன்: சுகப்பிரசவமா சிசேரியனா, எத்தனையாவது மாதத்தில் நடந்தான், எப்போது பேசினான், எதற்கெல்லாம் அடம் பிடிப்பான். அவன் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தன்னுடைய குறைகளை ஆறு முறை கேட்டான்.

கவனத்தை நிறுத்த முடியாத ஏடிஹெச்டி என்ற குறைபாடும் கற்றல் குறைபாடும் சேர்ந்து இருக்கும் ஒரு பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் உதவி கிடைக்காதா என்று கேட்டால், கிடைக்கும் என்றுதான் சொல்வேன். மருத்துவர்கள் இருக்கிறார்கள், சட்டம் இருக்கிறது, அரசாணைகள் இருக்கின்றன. ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊரில், ஒவ்வொரு துறையில், ஒவ்வொரு மொழியில் இருக்கின்றன. அவற்றைக் கோக்கும் நூலாகப் பெற்றோரை விட்டிருக்கிறோம். படித்த, கையில் கொஞ்சம் காசு இருக்கிற, கேள்வி கேட்கக் கூச்சப்படாத பெற்றோர் எப்படியோ கோத்துவிடுகிறார்கள். மற்றவர்களின் பிள்ளைகள் “படிப்பு ஏறலை” என்ற இரண்டு சொல்லோடு பள்ளிக்கூடத்தை விட்டு இறங்கிவிடுகிறார்கள்.

எங்கள் பையனுக்கு இரண்டாம் வகுப்பில் தெரிய ஆரம்பித்தது. வாயால் கேட்டால் எதையும் சொல்வான். போன வருடத் திருவிழாவில் தேர் எந்த முக்கில் எவ்வளவு நேரம் நின்றது என்பதுகூட ஞாபகம் இருக்கும். கரும்பலகையில் இருக்கும் நான்கு வரியை நோட்டில் இறக்க மட்டும் முடியாது. இரண்டாவது வரிக்குள் பென்சில் கீழே விழும். எடுக்கக் குனிந்தவன் எழும்போது அடுத்த பெஞ்சில் இருப்பான். டைரியில் சிவப்பு மையில் “கவனம் இல்லை, பெற்றோர் வரவும்” என்று வாரம் ஒரு முறை வரும். போய் நின்றால், “ரொம்பச் செல்லம் குடுக்குறீங்க மேடம்” என்பார்கள். மூன்றாம் வகுப்பு முடியும்போது, வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளுங்கள், டி.சி. கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்வது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நின்று பேசியிருப்பேன். தெரியாததால் டி.சி.யை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கண்ணையும் காதையும் முதலில் பார்த்துவிடுங்கள் என்று குழந்தை மருத்துவர் சொன்னது சரியான யோசனை. பல வீடுகளில் அதுகூட நடப்பதில்லை. இரண்டும் நன்றாக இருக்கின்றன என்று தெரிந்த பிறகு அவர் சொன்ன இன்னொன்றுதான் எங்களுடைய ஒரு வருடத்தைத் தின்றது: “ஆம்பளப் புள்ளதானே, வளர்ந்தா சரியாயிடும்.” அதைக் கேட்கத்தான் நாங்களும் காத்திருந்தோம். இதைச் சொன்ன மருத்துவர் மேல் எனக்கு இன்று கோபமில்லை. ஒரு நாளைக்கு நூறு பிள்ளைகளைக் காய்ச்சலுக்கும் வாந்திக்கும் பார்க்கிறவருக்கு, ஒரு பிள்ளையை நாற்பது நிமிடம் படிக்க வைத்துப் பார்க்க நேரம் ஏது?

இரண்டு குறைபாடுகளையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலக அளவில் பிள்ளைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேருக்கு ஏடிஹெச்டி இருப்பதாகக் கணிக்கிறார்கள். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு பேர். கற்றல் குறைபாடு என்பது அறிவில் குறை இல்லாமலேயே வாசிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது இவற்றில் ஏதாவது ஒன்றிலோ பலவற்றிலோ மூளைக்கு இருக்கும் தடை. டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா, டிஸ்கால்குலியா என்பவை இதன் வகைகள். இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருப்பது அடிக்கடி நடப்பது. சேர்ந்திருக்கும்போது ஒன்று மற்றொன்றை மறைக்கும். எழுத்து புரியாத பிள்ளை வகுப்பில் வேறு என்ன செய்யும்? அலைபாயும். கவனம் நிற்காத பிள்ளைக்கு எழுத்து எப்படிப் பதியும்? விட்டு விட்டுத்தான் பதியும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பத்து நிமிடம் பார்த்துவிட்டு “ஏடிஹெச்டி” என்று எழுதிக் கொடுப்பவரிடம், வாசிப்பைச் சோதித்தீர்களா என்று கேட்க வேண்டும். முதல் உளவியலாளரிடம் நாங்கள் கேட்கவில்லை. அவர் பிள்ளையின் துறுதுறுப்பை மட்டும் பார்த்தார். அறிக்கையில் படிப்பு என்ற சொல்லே இல்லை.

இரண்டாமவர் மதுரையில் இருந்தார். எங்கள் ஊரான காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாகப் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவர் இரண்டு நாள் வரச் சொன்னார். அறிவுத்திறன் சோதனை ஒரு நாள். மறுநாள் வாசிக்கச் சொல்லி, சொல்வதை எழுதச் சொல்லி, பார்த்து எழுதச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லி, பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் வகுத்த சோதனைத் தொகுப்பு. வகுப்பாசிரியர் நிரப்புவதற்கென்று ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தனுப்பினார். ஏடிஹெச்டி என்று முடிவு கட்ட, அறிகுறிகள் வீட்டிலும் பள்ளியிலும், குறைந்தது இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். வீட்டில் மட்டும் சேட்டை என்றால் காரணம் வேறாக இருக்கலாம். இதை அவர் எனக்கு உட்கார வைத்து விளக்கினார். அதுவரை யாரும் விளக்கவில்லை. ஆனால் அவர் தந்த ஒன்பது பக்க அறிக்கை முழுக்க ஆங்கிலம். நான் எழுத்துக்கூட்டிப் புரிந்துகொண்டேன். வகுப்பாசிரியர் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மனநல மருத்துவரிடம் போக வேண்டும் என்றதும் வீட்டில் பெரிய போராட்டம். அப்பத்தா அழுதே விட்டார்: “ஏத்தா, பச்சப் புள்ளைய பைத்தியக்கார டாக்டர்ட்டயா கூட்டிட்டுப் போறே?” அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு முறை முத்திரை விழுந்தால் ஊர் மறக்காது என்பது அவர் எழுபது வருடம் பார்த்த உண்மை. மருத்துவர் அவரையே உள்ளே அழைத்து உட்கார வைத்து, கண்ணுக்குக் கண்ணாடி போடுவதில்லையா, அதுபோலக் கவனத்துக்கு இது என்று சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார்.

மாத்திரையைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறவர்கள் குறைவு என்பதால் சொல்கிறேன். ஏடிஹெச்டிக்கு உலகம் முழுவதும் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட் இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. எல்லாக் கடையிலும் வைத்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. மதுரையில் இரண்டு கடைகளில் கிடைத்தது. கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வை மறக்காது. மாத்திரை கொடுத்த முதல் வாரம் பள்ளிக்குக் கொடுத்தனுப்பிய டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தது. பசி குறைவது இதன் அறியப்பட்ட பக்கவிளைவு. காலையில் மாத்திரைக்கு முன்பே வயிறு நிறைய இட்லி கொடுப்பது, மதியத்துக்குக் கொஞ்சமாக வைப்பது, மருந்தின் வேகம் அடங்கும் சாயங்காலத்தில் சோறு போடுவது என்று நாங்களாகப் பழகிக்கொண்டோம். எடையும் உயரமும் தவறாமல் பார்த்து வர வேண்டும். மாத்திரை எல்லாப் பிள்ளைக்கும் வேண்டியதில்லை; சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான் தருவார்கள்.

பலன் இருந்ததா? இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தான். ஆனால் உட்கார்ந்தபடியே வாசிக்கத் தெரியாமல் இருந்தான். இந்த ஒரு விஷயத்தை ஒவ்வொரு பெற்றோரின் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது: மாத்திரை கவனத்தைப் பிடித்து நிறுத்தும், எழுத்தைக் கற்றுத் தராது. எழுத்தைக் கற்றுத் தர ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் எங்களுக்கு மதுரையில் ஒரு மாடி வீட்டில் கிடைத்தார். சிறப்பாசிரியர், கற்றல் குறைபாட்டுக்கென்றே பி.எட். படித்தவர். முதல் நாள் அவர் புத்தகத்தையே எடுக்கவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி வைத்திருந்தார். மஞ்சள் அட்டையில் மெய்யெழுத்துக்குரிய உரு, சிவப்பில் கொம்பு, பச்சையில் கால். மகன் அதுவரை “கொடி” என்பதை “கெ... கா... டி” என்று படிப்பான். நாங்கள் தலையில் குட்டுவோம். டீச்சர் அவனைத் திட்டவில்லை; என்னைப் பார்த்துத்தான் விளக்கினார். “அவன் கண்ணுக்குத் தெரியறதைச் சரியாத்தாம்மா படிக்கிறான். கொம்பு முன்னாடி நிக்குது, கால் பின்னாடி நிக்குது. ஆனா காதுல முதல்ல விழறது ‘க்’. கண்ணு ஒரு வரிசையில போகுது, காது வேற வரிசையில போகுது. நமக்கு அது தானா ஒண்ணு சேர்ந்துடுது. அவனுக்குச் சேரலை, நாமதான் சேர்த்து வைக்கணும்.”

நாற்பது வருடமாகத் தமிழ் எழுதும் எனக்கு இது ஒரு நாளும் தோன்றியதில்லை.

அவன் தரையில் மஞ்சள் அட்டையை வைத்து ‘க்’ என்றான். பிறகு சிவப்பை இடது பக்கமும் பச்சையை வலது பக்கமும் நகர்த்தி, இரண்டும் மஞ்சளைத் தொடும்போது ‘ஒ’ என்றான். சேர்த்து ‘கொ’. பிறகு மஞ்சள் அட்டையில் ‘த’. அப்புறம் ‘ப’. ஒற்றைக் கொம்பை எடுத்துவிட்டு இரட்டைக் கொம்பை வைத்தால் ‘கோ’, ‘தோ’, ‘போ’. பிறகு தாம்பாளத்தில் பரப்பிய ரவையில் விரலால் எழுதினான். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை டீச்சர் தானாகவே சொல்வார்: “ஓடிப்போய் கேட்டைத் தொட்டுட்டு வா தம்பி.” மாடிப்படி இறங்கி ஓடி, கேட்டைத் தொட்டு, மூச்சு வாங்க வந்து உட்காருவான். ஓடுவதும் பாடத்தில் ஒரு பகுதிதான் என்று புரிய எனக்குச் சில வாரம் ஆனது. ஏடிஹெச்டிக்கு ஒரு வழி, டிஸ்லெக்சியாவுக்கு ஒரு வழி என்று பிரிக்காமல் முழுப் பிள்ளையையும் பார்த்த முதல் ஆள் அவர். ஆறு அறிக்கைகளையும் வாங்கி இரவு உட்கார்ந்து படித்து, ஒரு பக்கத்தில் தமிழில் சுருக்கி எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். அந்த ஒரு பக்கத்தைத்தான் வகுப்பாசிரியர் படித்தார். அடுத்த வாரமே மகனை முன் பெஞ்சுக்கு மாற்றி, கரும்பலகையைப் பார்த்து எழுதுவதைப் பாதியாகக் குறைத்தார்.

தமிழ் ஓரளவு சொல்லுகிறபடியே எழுதும் மொழி. 247 எழுத்தின் தர்க்கம் பிடிபட்டுவிட்டால் பிள்ளை தப்பில்லாமல் படித்துவிடும். வேகம் மட்டும் மெதுவாக இருக்கும். ஆங்கிலம் அப்படியல்ல. எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்று. இந்தப் பிள்ளைகளை முதல் வகுப்பிலிருந்தே தமிழ், ஆங்கிலம், இந்தி என்று மூன்று எழுத்துமுறையில் ஒரே நேரத்தில் தள்ளுகிற பள்ளிகள் நம் ஊர்களில் பெருகிவிட்டன. வசதி இருக்கிறது என்பதற்காக அங்கே சேர்ப்பவர்கள் ஒரு தடவை யோசிக்க வேண்டும். இன்னொரு பக்கம், சந்தையில் கிடைக்கும் பயிற்சி நூல்களும் செயலிகளும் பெரும்பாலும் ஆங்கில வாசிப்புக்கானவை. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆசிரியர் கையால் அட்டை வெட்ட வேண்டியிருக்கிறது.

வாரம் ஒரு சனிக்கிழமை. முக்கால் மணி நேரத்துக்கு அறுநூறு ரூபாய். அதற்கு முன்னும் பின்னும் பேருந்து. வாரம் மூன்று முறை வந்தால்தான் நல்லது என்று டீச்சர் சொன்னார். எங்களால் முடிந்தது ஒன்று. மீதி நாட்களுக்கு எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார்.

சரியான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இப்போது என்னிடம் வந்து கேட்கிறார்கள். முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். 1992ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவேட்டில் மருத்துவ உளவியலாளர், சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரும் பெயர் பதிந்திருக்க வேண்டும். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை; முறையாகப் படித்தவர்கள் எண்ணைச் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அந்தப் பதிவேட்டில் வர மாட்டார், ஆகவே அவரிடம் பட்டத்தைக் கேட்க வேண்டும். மருந்து எழுதும் உரிமை மருத்துவருக்கு மட்டுமே. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு: வகுப்பாசிரியரிடம் பேசத் தயாராக இருக்கிறாரா? அடுத்த மூன்று மாதத்தில் எதைக் கற்றுத் தரப்போகிறேன் என்று எழுதித் தருகிறாரா? உங்களை அறைக்குள் உட்கார அனுமதிக்கிறாரா? கதவைச் சாத்திக்கொண்டு, “ஆறே மாசத்துல சரி பண்ணிடலாம்” என்கிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள். நடுமூளையைத் தூண்டுகிறோம், கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறோம் என்று திருமண மண்டபங்களில் கூட்டம் போட்டுப் பணம் வாங்கியவர்களை நம் ஊர் பார்த்திருக்கிறது. கண் பயிற்சியால் டிஸ்லெக்சியா தீரும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2009இலேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் கண் மருத்துவர்களின் அமைப்பும் கூட்டாகச் சொல்லிவிட்டன. இங்கே அது இன்றும் தவணை முறையில் விற்கப்படுகிறது. தவிக்கும் பெற்றோரிடம் காசு பிடுங்குவதைப் போன்ற பாவம் வேறில்லை.

நல்ல நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் பன்முகக் குறைபாட்டு நிறுவனம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்திலிருந்து மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருவதோடு ஆசிரியர்களையும் பயிற்றுவித்து வருகிறது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. எல்லாம் சென்னையிலும் அதன் ஓரத்திலும். எங்களிடமிருந்து நானூறு கிலோமீட்டர். ஒரு முறை போய்ச் சோதித்து வரலாம், வாராவாரம் எழுத்துப் படிக்கப் போக முடியாது. கற்றல் குறைபாட்டுக்கான உதவி காய்ச்சல் மருந்து போலல்ல; ஒரே ஆளிடம், ஒரே இடத்தில், வருடக் கணக்கில் தொடர வேண்டியது. அது பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும்.

சட்டம் இதைத்தான் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் ஒன்று. பிள்ளைகளிடம் கற்றல் குறைபாட்டை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டறிந்து, அதற்கேற்பக் கற்பிப்பது கல்வி நிறுவனங்களின் கடமை என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. கண்டுபிடிப்பது பெற்றோரின் கடமை என்று எங்கும் இல்லை. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகியவை 17ஆம் பிரிவில் இருக்கின்றன.

இவற்றுக்குச் சான்றிதழ் வேண்டும். 2018இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளின்படி எட்டு வயது நிறைந்த பிறகு சோதித்துச் சான்றளிக்க வேண்டும். 14, 18 வயதுகளில் மறு மதிப்பீடு. அந்த வயதுக்கு முன் சோதனை தெளிவாகச் சொல்லாது என்பதால் விதி நியாயமானதுதான். ஆனால் பள்ளிகள் இதை, எட்டு வயதுக்கு முன் உதவியே கிடையாது என்று புரிந்துவைத்திருக்கின்றன. சான்றிதழ் சலுகைக்குத்தான் தேவை. கொம்பையும் காலையும் பிரித்துச் சொல்லிக் கொடுக்க எந்தச் சான்றிதழும் வேண்டாம்.

சான்றிதழுக்காக நாங்கள் மருத்துவமனைக்குப் போன நாளில், சக்கர நாற்காலியில் வந்தவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் நடுவில் மகன் குதித்துக்கொண்டிருந்தான். “கை கால் நல்லாத்தானே இருக்கு, இவனுக்கு எதுக்கு?” என்று சீட்டு கொடுத்தவர் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவருடைய இடத்தைப் பறிக்க வந்தவள் போல எனக்குக் கூசியது. அந்த மருத்துவமனையில் வாசிப்புத் திறனைச் சோதிக்க உளவியலாளர் அன்று இல்லை. மூன்று முறை போய் வந்த பிறகு கிடைத்தது. பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டுச் சான்றிதழுக்கு ஓடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

எங்கள் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா இருந்ததால் அது கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த 21 பெயர்களில் ஏடிஹெச்டி இல்லை. அது மட்டும் இருக்கும் பிள்ளைக்குச் சான்றிதழ் ஏறத்தாழ எட்டாக்கனி. மூன்று மணி நேரத் தேர்வில் ஒன்றரை மணி நேரம் கவனம் அலைந்து போகிற பிள்ளைக்குக் கூடுதல் நேரம் தேவையில்லை என்று யாரால் சொல்ல முடியும்? 2021 பிப்ரவரியில், எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் குறைபாடுள்ள ஒரு குடிமைப் பணித் தேர்வரின் வழக்கில், எழுத்தர் உதவியை 40 சதவீதக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேவை இருக்கிற இடத்தில் பொருத்தமான ஏற்பாட்டைச் செய்து தருவது உரிமை என்பதே அந்தத் தீர்ப்பின் உயிர். அதே நியாயம் ஏடிஹெச்டி உள்ள பிள்ளைக்கும் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். மாநில அரசு தன் தேர்வுத் துறையின் அளவிலாவது, மருத்துவர் சான்றின் பேரில் கூடுதல் நேரம் தர முடிவெடுக்கலாம்.

இதையெல்லாம் கோக்கும் நூல் எங்கே கிடைக்கும்? புதிதாகத் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். மதுரை மாடி வீட்டு டீச்சர் செய்த வேலையைச் செய்ய வேண்டியவர்கள் இவர்களே. ஆனால் ஒருவர் பல பள்ளிகளுக்குப் போக வேண்டும். வீட்டில் படுக்கையில் இருக்கும் பிள்ளைகளையும் போய்ப் பார்க்க வேண்டும். முகாமுக்கு ஆள் சேர்க்க வேண்டும், விவரங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். இத்தனைக்கும் தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கேட்டு வருடக் கணக்காகப் போராடுகிறார்கள். தொடக்க வகுப்புகளில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 மார்ச்சில், அதற்கான பணியிடங்களை அறிவிக்கும்படி மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவிட்டது. ஒரு வேலையைச் செய்ய ஒரே ஆள் வருடக் கணக்கில் நிலைத்திருக்க வேண்டும் என்று தெரிந்தும், அந்த ஆளையே நிலையில்லாமல் வைத்திருப்பது எப்படிச் சரியாகும்?

பள்ளிகளுக்கு மருத்துவக் குழு வருவதும் உண்மை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் 30 நோய்நிலைப் பட்டியலில் கற்றல் குறைபாடும் ஏடிஹெச்டியும் இருக்கின்றன. ஆனால் வராண்டாவில் வரிசை கட்டி நிற்கும் பிள்ளைகளின் பல், கண், தோல், எடை பார்த்து நகரும் குழுவால், ஒரு பிள்ளை ‘கொ’வைக் ‘கெ’ என்று படிப்பதைக் கண்டுபிடிக்க முடியாது. அது தினம் பார்க்கும் வகுப்பாசிரியரின் கண்ணுக்குத்தான் படும். அவர் சந்தேகப்பட்டால் யாரிடம் சொல்வது? வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநரிடம். அங்கிருந்து மருத்துவமனைக்கு எழுதி அனுப்புவது, அறிக்கைகளை வாங்கி ஒரு பக்கத் தமிழில் சுருக்கி ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் தருவது, சான்றிதழுக்கு நாள் குறித்துத் தருவது, வாரத்தில் மூன்று நாள் பிள்ளையோடு உட்காருவது ஆகிய எல்லாம் அவர் பொறுப்பாக வேண்டும். மருத்துவக் கல்லூரியிலிருந்து மனநல மருத்துவரும் உளவியலாளரும் மாதம் ஒரு நாள் வட்டாரத்துக்கு வரட்டும். நாற்பது பெற்றோர் நாற்பது பேருந்து ஏறுவதைவிட இரண்டு பேர் ஒரு ஜீப்பில் வருவது எளிது. தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. நிரந்தர வேலை, கற்றல் குறைபாட்டில் தனிப் பயிற்சி, கணினி வேலையிலிருந்து விடுதலை. இந்த மூன்றும் அவருக்குக் கிடைத்தால் போதும்.

எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மகள் ஐந்தாம் வகுப்பு, அரசுப் பள்ளி. சேட்டை கிடையாது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். பெண் பிள்ளைகளிடம் ஏடிஹெச்டி பெரும்பாலும் இப்படித்தான் அமைதியாக இருக்கும். யாருக்கும் தொந்தரவில்லாததால் யாரும் பார்ப்பதில்லை. போன வருடம் அவர் துணி கொடுக்க வந்தபோது, “அக்கா, இந்தப் புள்ள நோட்டக் கொஞ்சம் பாருங்க, உங்க தம்பிக்கு இருந்த மாதிரியே இருக்கான்னு” என்று நீட்டினார். பாதிப் பக்கம் வெள்ளையாக இருந்தது. எழுதிய பாதியில் கொம்பெல்லாம் இடம் மாறி நின்றது. வட்டார வள மையத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருந்த பயிற்றுநர் இளவயதுப் பெண், வேலையில் ஆர்வம் உள்ளவர். நோட்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை அந்தப் பள்ளிக்கு வருவதாகச் சொல்லி, அப்படியே வரவும் செய்தார். மகனுடைய பழைய அட்டைகளை நான் அவரிடம் கொடுத்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை அவரை ஏதோ கணக்கெடுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். அது தெரியாமல் அந்தச் சிறுமி அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு வராண்டாவில் மூன்றரை மணி வரை உட்கார்ந்திருந்ததாக அவளுடைய அப்பா சொன்னார். ரப்பர் பேண்டைக்கூடக் கழற்றவில்லையாம்.